பாராட்டு விழாவுக்கு உங்கள் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் நாங்கள் படித்த கலைக் கல்லூரியில், பல்கலைக்கழகத் தேர்வில் தரவரிசையில் வந்த மாணவர்களுக்கும் முனைவர் பட்டம் முடித்த ஆசிரியர்களுக்கும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து விழா எடுக்கிறோம்.

போன முறை பெயரை வாசித்துச் சால்வை போட்டதோடு சரி. என்ன ஆய்வு செய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெற்றோர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

பென்னாகரம் பக்கத்துத் தங்கை ஒருத்தி ஊர் ஊராகப் போய், வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களை மைப்படி எடுத்திருக்கிறாள். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றினாள். கல்லில் இருந்த வீரன் வாளோடு தாளில் மெல்ல எழுந்து வந்தான், எனக்கு மெய்சிலிர்த்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோமே, அந்த மண்ணின் பிள்ளைதான் இவளும்.

அந்த மைப்படிகளை அரங்கில் வைக்க வேண்டும். கிழியாமல் தொங்கவிடுவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டம், பலகை இரவல் கிடைத்தாலும் நல்லது. அப்புறம், ஆசிரியர்களின் ஆய்வேடுகளைப் பெற்றோருக்கும் புரிகிற மாதிரி பத்து வரியில் எழுதித் தர இரண்டு பேர் வேண்டும். பென்னாகரத்திலிருந்து பெற்றோரை அழைத்து வர ஒரு வேனும் தேவை. டீசல் செலவு எங்களுடையது.

முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள், நானே கூப்பிடுகிறேன்.