லைப்ரரியில் ஃபங்ஷன் இருக்கிறது, லிங்கர் இல்லை என்கிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊர் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். சம்பளச் சீட்டில் வரும் எடையை அவரே சரிபார்க்க ஒரு புரோகிராம் எழுதுகிறேன். கணக்குப் பகுதி சி. ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்து, ஏஆர் கருவியை வைத்து லிப்எடை.ஏ என்ற லைப்ரரி ஆக்கிவிட்டேன். திரைப் பகுதியைத் தம்பி சி++இல் எழுதினான், கம்பைல் செய்தால் அது மெயின்.ஓ. இரண்டையும் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) வைத்துச் சேர்த்தால், டோட்டல்_வெயிட் ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்கிறது:

ஜி++ லிப்எடை.ஏ மெயின்.ஓ
அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு 'டோட்டல்_வெயிட்(இன்ட், டபுள்)'

உள்ளே இருக்கும் பெயர்களைக் காட்டும் என்எம் கருவியை லைப்ரரி மேல் போட்டால் டோட்டல்_வெயிட் பக்கத்தில் பெரிய 'டி' (T) இருக்கிறது, அதாவது ஃபங்ஷன் உள்ளேதான் இருக்கிறது. இரண்டு இரவாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
வரிசை தப்பு, தம்பி. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். லிப்எடை.ஏ-க்கு வரும்போது அதுவரை யாரும் டோட்டல்_வெயிட்டைக் கேட்கவில்லை. எதையும் எடுக்காமல் தாண்டிவிடும். மெயின்.ஓ முதலில், லைப்ரரி அதற்குப் பிறகு.

கேட்டவர்:
மாற்றினேன் அண்ணே. அதே பிழை, ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பதில் 2:
பிழையில் பெயருக்குப் பின்னால் (இன்ட், டபுள்) என்று வருகிறதே, அதைப் பாருங்கள். சி என்றால் வெறும் பெயர்தான் வரும். வகைகளோடு வந்தால் கேட்பது சி++. அது வகைகளையும் சேர்த்துப் பெயரையே மாற்றிவிடும். மெயின்.ஓ மேலும் என்எம் போடுங்கள்: _இசட்12டோட்டல்_வெயிட்ஐடி என்று 'யு' (U, வெளியே தேடுகிறது என்று அர்த்தம்) போட்டு நிற்கும். 12 என்பது ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் நீளம், கடைசி ஐ இன்ட், டி டபுள். உங்கள் ஊர்க் கதைதான்: லைப்ரரி பழைய பெயரில் வைத்திருக்கிறது, மெயின் புதுப் பெயரில் தேடுகிறது.

ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெடர் ஃபைல் எடை.எச்-இல் அந்த அறிவிப்பை எக்ஸ்டர்ன் "சி"-க்குள் வையுங்கள், சி++ பெயரை மாற்றாமல் விடும். சி கம்பைலருக்கு அது புரியாது. அதனால் சி++ மட்டும் அதைப் பார்க்கும்படி #இஃப்டெஃப் __சிபிளஸ்பிளஸ் போட்டுத்தான் எழுத வேண்டும். மேலே அண்ணன் சொன்ன வரிசையையும் விடாதீர்கள். இது தீர்ந்ததும் அந்தப் பிழை தலைகாட்டும்.

கேட்டவர்:
முதலில் அப்படியும் வரவில்லை. எது மாறினால் எதை மறுபடி கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில், மெயின்.ஓ-வுக்கு எடை.எச்-ஐ நான் சேர்க்காததால் பழைய மெயின்.ஓ அப்படியே கிடந்திருக்கிறது. அழித்துவிட்டுக் கட்டினேன், சேர்ந்துவிட்டது. அப்பாவின் நேற்றைய கணக்கு 112 குலை, சராசரி 18.5 கிலோ, 2072 என்று வந்தது. அப்பா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.