சவால் மாதங்களில் ஓடும் கை, சொந்தத் தொடரில் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: மைக்கூடு

சில ஆண்டுகளாக ஒவ்வொரு அக்டோபரிலும், நாளுக்கு ஒரு தலைப்பில் மையால் வரையும் இங்க்டோபர் சவாலில் கலந்துகொண்டு வருகிறேன். இடையிடையே மே மாதத்துக் கடற்கன்னிச் சவால், ஒருவர் வரைந்த படத்தை மற்றவர்கள் தத்தம் பாணியில் வரைந்து பார்க்கும் சவால், வாரம் ஒரு தலைப்புத் தரும் குழுக்கள் என்று கண்ணில் பட்டவற்றிலெல்லாம் சேர்ந்திருக்கிறேன். இவற்றால் எனக்குக் கிடைத்த பயன் சிறிதன்று. மையில் போட்ட கோட்டை அழிக்க முடியாது என்பதால், பேனாவைத் தாளில் வைப்பதற்கு முன்பே கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. நள்ளிரவுக்குள் ஒரு படத்தை முடித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில், ஒரு படத்தில் எதையெல்லாம் வரையாமல் விட்டுவிடலாம் என்பதும் பிடிபட்டது.

சிக்கல் சவால் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. பழைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களின் கைகளையும் அவர்களுடைய கருவிகளையும் ஒரு தொடராக வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அதற்கென்று உட்கார்ந்தால், வெற்றுத்தாளைப் பார்த்தபடியே மாலைப்பொழுது போய்விடுகிறது. வேறு யாராவது ஒரு தலைப்பைக் கொடுத்தால் தேநீர் ஆறுவதற்குள் மூன்று யோசனைகள் வந்துவிடுகின்றன. நானே ஒன்றை எழுதி வைத்துக்கொண்டால் எதுவும் தோன்றுவதில்லை. தலைப்புக்காக வரைந்த படங்களைப் புரட்டிப் பார்த்தால் அவை சாமர்த்தியமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை வேறு யாரும் வரைந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

சவால்களை அடியோடு நிறுத்திவிடுவதா, அல்லது அவற்றையே என் தொடருக்கு உதவும்படி திருப்பிக்கொள்ள வழி இருக்கிறதா? தினமும் வரையுங்கள் என்ற பொதுவான அறிவுரை வேண்டாம். தினமும் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன். இதே இடத்தில் நின்று, பிறகு நகர்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: கோட்டுநிழல்

உங்களுக்குக் கற்பனை வற்றிவிடவில்லை. சவாலில் இரண்டு வேலைகளில் ஒன்றை வேறொருவர் செய்து தந்துவிடுகிறார், அவ்வளவுதான். எதை வரைவது என்று முடிவு செய்வது ஒரு வேலை. அதை எப்படி வரைவது என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. மாதத் தலைப்புப் பட்டியல் சவால் தொடங்குவதற்கு முன்பே வெளியாகிவிடுவதால், நீங்கள் தாளின் முன் அமரும்போது முதல் வேலை முடிந்திருக்கிறது. அந்தத் தலைப்பு பிடிக்காவிட்டாலும், அதை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதால் மனம் அதோடு சண்டையிடாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. உங்கள் தொடரிலோ இரண்டையும் ஒரே அமர்வில் செய்யப் பார்க்கிறீர்கள். வரையத் தொடங்கிய யோசனையைவிட நல்லது வேறொன்று இருக்குமோ என்ற ஐயம் ஒவ்வொரு கோட்டுக்கும் குறுக்கே வந்து நிற்கிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். ஒரு நாள் பட்டியல் மட்டும் எழுதுங்கள். அன்று பேனாவைத் தொட வேண்டாம். வரைய உட்காரும் நாளில் பட்டியலைத் திருத்த வேண்டாம். பட்டியலில் "கைகள்", "கருவிகள்" என்று எழுதினால் பயனில்லை. அவை உங்கள் தொடரின் பெயரே தவிர, ஒரு நாளைக்கான தலைப்புகள் அல்ல. "துருப்பிடித்த திருகாணியைக் கழற்றும்போது வெளுத்துப்போகும் கட்டைவிரல் நுனி" என்று எழுதினால் அதில் ஒரு செயல் இருக்கிறது, ஓர் அழுத்தம் இருக்கிறது, எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. நீங்களே எழுதிய தலைப்புகள் வேலை செய்யவில்லை என்றீர்கள் அல்லவா? அவை மிகவும் அகலமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சாமர்த்தியம் இருக்கிறது, தனித்தன்மை இல்லை என்ற குறைக்கு வருகிறேன். ஒரு தலைப்பைக் கேட்டதும் முதலில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றுவதே. "கயிறு" என்று தலைப்பு வந்தால் ஊஞ்சல், தூக்குக்கயிறு, இழுபறிப் போட்டி, கப்பலின் நங்கூரம் ஆகிய நான்கும் அன்றைக்குப் பதிவாகும் படங்களில் பாதியை நிரப்பிவிடும். இவற்றைத் தாண்டுவதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. மனத்தில் வருவதையெல்லாம் ஒரு தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். சலிப்புத் தட்டி, இனி ஒன்றுமில்லை என்று தோன்றும் இடத்துக்குப் பிறகு வருபவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். அப்படித்தான் ஒருமுறை கயிற்றை வரையாமல், கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்த கிணற்றுக் கல்லை வரைந்தேன். பள்ளத்தின் அடிப்பகுதிக்குக் கயிறு ஓடிய திசையிலேயே நெருக்கமான கோடுகள். கல்லின் மற்றப் பகுதிக்குப் புள்ளிகள். தேய்ந்து வழுவழுப்பான விளிம்புக்கு எதுவும் இல்லை, தாளின் வெண்மையே போதுமானதாக இருந்தது. கயிறே இல்லாத அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் இது எந்தத் தலைப்புக்கு என்று கேட்கவில்லை. (எழுதும் தாளையும் வரையும் தாளையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளாக இருந்தால் எழுதி முடிப்பதற்குள் கை வரையத் தொடங்கிவிடும்.)

தூண்டுதல் என்றால் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கறை படிந்த சுவர்களையும் பல நிறக் கற்களையும் உற்றுப் பார்த்தால் மலைகளும் ஆறுகளும் போர்க்களங்களும் தெரியும் என்று லியொனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கோசென்ஸ் என்ற ஆங்கில ஓவியர் அதை ஒரு பயிற்சி முறையாகவே வளர்த்தார்: ஒரு நிலக்காட்சியைப் பொதுவாக மனத்தில் கொண்டு, தாளில் தூரிகையால் மைத்திட்டுகளை விரைந்து இட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, திட்டுகள் காட்டும் வழியில் மரங்களையும் பாறைகளையும் கண்டெடுத்து வரைவது. சொல்லில் தொடங்கினால் மனம் முதலில் கதையைத் தேடுகிறது. திட்டில் தொடங்கினால் வடிவத்தைத் தேடுகிறது. உங்கள் தொடருக்கு இரண்டாவதே பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனெனில் கதை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த கைக்கு, நீர்த்த மையில் இட்ட ஒரு திட்டைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறு என்ன வேண்டும்?

மறுமொழி: வெற்றுத்தாள்

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. சவாலில் வரைந்த படம் பதிவேற்றிய சில நிமிடங்களிலேயே பாராட்டைக் கொண்டுவந்துவிடுகிறது. அதே குறிச்சொல்லின் கீழ் ஆயிரக்கணக்கானோர் அன்று அதே தலைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தொடருக்கு அத்தகைய கூட்டம் காத்திருக்கவில்லை. கை நின்றுபோவது தலைப்பு இல்லாததால் அன்று, பார்ப்பவர்கள் இல்லாததால் என்பது என் கருத்து. அடுத்த சவாலில் முழுமையாகக் கலந்துகொள்ளுங்கள், ஆனால் ஒரு படத்தையும் யாருக்கும் காட்டாதீர்கள். அப்போதும் கை ஓடினால் நான் சொல்வது தவறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: தூரிகைமுனை

வெற்றுத்தாள் சொல்வது சிலருக்குப் பொருந்தும். ஆனால் தனியாக வரைவதே மேலானது என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. 1920களில் பாரிசில், கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற சர்ரியலிசக் கலைஞர்கள் ஒரு தாளை மடித்து, தலையை ஒருவர், உடலை இன்னொருவர், கால்களை மற்றொருவர் என்று முந்தையவர் வரைந்ததைப் பார்க்காமலே வரைந்து விளையாடினார்கள். கூட்டம் இல்லாவிட்டால் அந்தப் படங்களே இல்லை. அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1990இல் 24 மணி நேரத்தில் 24 பக்கச் சித்திரக்கதையை வரைந்து முடிக்கும் சவாலை உருவாக்கியதும், மெதுவாக வரைபவர் என்று பெயர்பெற்ற ஒரு நண்பரை வேகமாக வரையத் தூண்டுவதற்குத்தான். பார்ப்பவர்கள் இருப்பது குறை அல்ல. அவர்கள் எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

மைக்கூடு அவர்களே, சவாலை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கடந்த அக்டோபர் மாதப் படங்கள் அனைத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பி, நின்றபடி பாருங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டும்போது கண்ணுக்குத் தப்புவது, மொத்தமாகப் பார்க்கும்போது தப்பாது. என்னுடையவற்றைப் பரப்பியபோது, ஏறத்தாழ எல்லா முகங்களும் முக்கால்வாசி இடப்பக்கம் திரும்பியிருந்தன (வலக்கையால் வரைபவர்களிடம் இது பரவலாகக் காணப்படும் பழக்கம்). உருவம் எப்போதும் தாளின் நடுவில் இருந்தது. பார்வைக் கோணம் எப்போதும் கண் மட்டத்தில் இருந்தது. கைகள் பெரும்பாலும் சட்டைப் பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ போய்விட்டிருந்தன. தலைப்புகள் நாள்தோறும் மாறியதால், நானும் மாறிக்கொண்டிருந்ததாக ஒரு மயக்கம் ஏற்பட்டிருந்தது.

அதன் பிறகு எனக்கான சவாலைப் பொருளை வைத்து அமைப்பதை விட்டு, முறையை வைத்து அமைத்தேன். ஒரு வாரம் முழுவதும் தாளின் நடுப்பகுதியைத் தொடக்கூடாது. அடுத்த வாரம் மேலிருந்து மட்டுமே பார்க்க வேண்டும். பிறகு வெளிக்கோடே இல்லாமல் நிழலால் மட்டும் உருவத்தைக் கொண்டுவர வேண்டும். பொருள் ஒன்றாகவே இருக்கட்டும், மாறுவது முறையாக இருக்கட்டும் என்பதே இதன் சாரம். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் எண்பது வயதைக் கடந்த நிலையில், 1842–43இல், தீவினை அணுகாதிருக்க நாள்தோறும் காலையில் ஒரு சிங்கத்தை மையில் வரைந்துவந்தார். அவற்றுள் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. தலைப்பு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். சிங்கம் உறுமுகிறது, ஓடுகிறது, ஆடுகிறது. கோட்டின் வேகமும் அதற்கேற்ப மாறுகிறது. உங்களிடம் கைகள் இருக்கின்றன. சிங்கத்தைவிடக் கைக்கு நிலைகள் அதிகம்.

இன்னொரு சிறு செய்தி. 2009இல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் இங்க்டோபரைத் தொடங்கியது தம்முடைய மைப் பயிற்சியை மேம்படுத்திக்கொள்ளத்தான். ஒருநாள் விட்டு ஒருநாளோ வாரத்துக்கு ஒன்றோ வரைந்தாலும் போதும் என்று சவாலின் விதிகளே இடம் தருகின்றன. 31 நாளும் வரையாவிட்டால் தோல்வி என்பது பங்கேற்பவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கடுமை. வாரம் ஒரு தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற நாள்களை உங்கள் தொடருக்கு ஒதுக்கினால் இரண்டும் நடக்கும்.

கேட்டவரின் மறுமொழி: மைக்கூடு

மூவருக்கும் நன்றி. தரையில் பரப்பிப் பார்த்தேன். என் படங்களில் முகங்கள் பல திசைகளிலும் திரும்பியிருக்கின்றன. ஆனால் பொருள்கள் அனைத்தும் காற்றில் மிதக்கின்றன. மேசையோ தரையோ சுவரோ எதிலுமே இல்லை. நேரம் போதாது என்று பின்னணியை விட்டுவிடுவது வழக்கமாகி, கடைசியில் பின்னணி என்ற எண்ணமே எழாமல் போயிருக்கிறது. என் தொடர் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது, ஏனெனில் பழுதுபார்க்கும் கை எதையாவது பற்றிக்கொண்டோ எதன்மீதாவது ஊன்றிக்கொண்டோ இருக்கும். அதை வெற்றிடத்தில் வரைய முடியாது.

பட்டியலையும் தனியாக எழுதிவிட்டேன். அதில் ஓர் ஐயம்: நீர்த்த மையில் திட்டு இட்டு, அது காய்ந்த பிறகு மேலே பேனாவால் வரைந்தால், கோடு ஓரங்களில் கசிந்து பரவுகிறது. தாளை மாற்ற வேண்டுமா, மையை மாற்ற வேண்டுமா?

மறுமொழி: கோட்டுநிழல்

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். முதலில் தாளைச் சோதியுங்கள். அதே பேனாவால், திட்டு படாத ஓர் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அங்கும் கசிந்தால் தாள் மையை உறிஞ்சுகிறது என்று பொருள். மை ஊறிப் பரவாதபடி பசையூட்டி, நீர்வண்ணத்துக்கென்று செய்யப்பட்ட தடித்த தாளுக்கு மாறிவிடுங்கள். அங்கே கோடு தெளிவாக இருந்து, திட்டின் மேல் மட்டும் கசிந்தால், திட்டு உள்ளே இன்னும் ஈரமாக இருக்கலாம். புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும், அது போகும் வரை பொறுத்திருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகும் பரவினால், திட்டுக்குப் பயன்படுத்தியது நீரில் கரையும் மையாக இருக்கும். காய்ந்தபின் நீரில் கரையாத மையைத் திட்டுக்குப் பயன்படுத்துங்கள். ஆனால் அதை மைநிரப்பும் பேனாவுக்குள் ஊற்றிவிடாதீர்கள், அந்த வகை மைகள் பல உள்ளேயே காய்ந்து பேனாவை அடைத்துவிடும். தூரிகையும் தொட்டெழுதும் பேனாவும் போதும், வேலை முடிந்த கையோடு இரண்டையும் கழுவிவிடுங்கள்.