'செக்ரிகேஷன் ஆஃப் டியூட்டீஸ்': 'முரண்பணிப் பிரிப்பு' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஆளிடம் சேர்ந்தால் தவறுக்கு இடம்தரும் பணிகளை வெவ்வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுப்பதைத் தணிக்கையில் 'செக்ரிகேஷன் ஆஃப் டியூட்டீஸ்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'முரண்பணிப் பிரிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதையொட்டி எழும் கேள்விகளும் என் விடைகளும் கீழே.

> 'வேலைப் பிரிவினை' புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அது பொருளியலாரின் சொல். வேலையைக் கூறுபோட்டுப் பலரிடம் கொடுத்தால் உற்பத்தி பெருகும் என்பது அங்கே கருத்து. தணிக்கையில் விரைவு நோக்கமே அன்று. சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை, தவறு செய்தவரே அதை மறைக்கவும் வழி இருக்கக்கூடாது. ஒப்புதல் தருவது, பணத்தையோ சரக்கையோ கையில் வைத்திருப்பது, கணக்கில் பதிவது, பதிந்ததைச் சரிபார்ப்பது ஆகிய நான்கும் ஒரே ஆளிடம் சேரக்கூடாது. 'அதிகாரப் பிரிவினை' என்றாலோ படிப்பவர் மனம் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விடும்.

> 'கடமைப் பிரிப்பு' போதாதா?

காதுக்கு இனிமைதான். ஆனால் எதை எதிலிருந்து பிரிப்பது என்று அது சொல்வதில்லை. பல நிறுவனங்கள் சறுக்குவதும் இங்கேதான். பத்துப் பேருக்கு வேலையைப் பங்கிட்டுவிட்டுப் பிரித்தாயிற்று என்கிறார்கள். புதிய சரக்கு வழங்குநரைப் பதிவுசெய்பவரே அவருக்குப் பணமும் அனுப்ப முடிகிறதா என்று பார்ப்பதில்லை. சேரக்கூடாத பணிகளுக்கு 'முரண்பணி' என்று பெயரிட்டால், எது எதனோடு முரண்படுகிறது என்று கேட்டே ஆகவேண்டும்.

பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியின் கதை பலருக்கும் தெரிந்ததே. சிங்கப்பூரில் பங்குக் குறியீட்டு ஒப்பந்தங்களை வாங்கி விற்ற நிக் லீசனே அவற்றின் தீர்வுக் கணக்குகளுக்கும், அதாவது வாங்கி விற்றதைச் சரிபார்த்துப் பணம் தீர்க்கும் வேலைக்கும், பொறுப்பாக இருந்தார். நட்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்துவைக்க அது வசதியாயிற்று. இரண்டு பொறுப்புகளையும் பிரிக்கும்படி 1994இலேயே அகத்தணிக்கை (நிறுவனம் தனக்குள்ளேயே நடத்தும் தணிக்கை) அறிக்கை பரிந்துரைத்தது. பிரிக்கவில்லை. 1995 பிப்ரவரியில் வங்கி கவிழ்ந்தது. நட்டம் ஏறத்தாழ 83 கோடி பவுண்டு. தணிக்கையாளர் கண்ணில் பட்டும் பயன் இல்லாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. அறிக்கை யார் மேசைக்குப் போகிறது, குறையைச் சரிசெய்தார்களா என்று யார் திரும்பக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அகத்தணிக்கைக்கு மதிப்பு. தணிக்கைத் தலைவரின் பதவியுயர்வை நிதி அதிகாரி முடிவுசெய்யும் இடத்தில் நிதித்துறை பற்றிக் கடுமையான குறிப்பை எதிர்பார்ப்பது வீண். தணிக்கைத் தலைவர் இயக்குநர் அவையின் தணிக்கைக் குழுவிடம் நேரே பேச வழி வேண்டும்.

> 'முரண்' என்றால் இருவருக்குள் பூசல் என்று தோன்றாதா?

தோன்றாது என்றே நினைக்கிறேன். ஒருவரின் சொந்த நலனும் அவர் பொறுப்பும் மோதுவதைக் குறிக்கும் 'நலமுரண்' (கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்) என்பதை யாரும் பூசலாகப் படிப்பதில்லை. இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாக அமைவது நல்லதுதான்.

சிறிய அலுவலகத்தில் ஒரே கணக்கர்தான் இருப்பார். பிரிக்க ஆள் ஏது? அங்கே வங்கி அறிக்கையின் உறையை வேறு யாரும் பிரிக்குமுன் உரிமையாளரே வாங்கிப் பிரித்துப் பார்ப்பது, கணக்கரைக் கட்டாய விடுப்பில் அனுப்பி வேறொருவரை உட்காரவைப்பது போன்றவை கைகொடுக்கும். இவற்றுக்கு 'ஈடுசெய் கட்டுப்பாடு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். முரண்பணி பார்க்கும் இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் எந்தப் பிரிப்பும் நிற்காது என்பதையும் சொற்பொருள் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். இல்லையேல் படிப்பவர் இதை முழுக் காப்பு என்று நம்பிவிடுவார்.

கணக்கு மென்பொருளில் யாருக்கு எந்த அனுமதிகள் சேர்ந்து இருக்கக்கூடாது என்று காட்டும் அட்டவணைக்கு 'முரண்பணி அட்டவணை' பொருந்துமா? மென்பொருள் துறை நண்பர்கள் சொல்லுங்கள்.