ஏழு மாத லாப்ரடாருக்கு எவ்வளவு நடை போதும்?

கேள்வி:
எங்கள் லாப்ரடாருக்கு 7 மாதம் ஆகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் அரை அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப் போகிறோம். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கடிக்கிறான், சோபாவைப் பிராண்டுகிறான். சைக்கிளோடு ஓடவிட்டால் அசந்து தூங்கிவிடுவான் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. சரியான அளவுதான் என்ன, தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
சைக்கிள் வேண்டவே வேண்டாம். பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடம், சிலவற்றுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும், அதுவரை எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் மென்மையாகத்தான் இருக்கும், கெட்டித் தரையில் நிற்காமல் ஓடினாலும் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதித்தாலும் அவை அடிபடலாம். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவும் வரும். புல்தரையில் விட்டால் களைத்ததும் அவனே படுத்துக்கொள்வான், சைக்கிளில் கட்டிவிட்டால் நிற்க வழியே இல்லை, முடியாவிட்டாலும் ஓடி வருவான், பாவம்.

பதில் 2:
நேரம் குறைவாகத் தெரியவில்லை. நடக்கும்போது மோந்து பார்க்க விடுகிறீர்களா? பலர் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார்கள், அதில் காலுக்கு மட்டும்தான் வேலை. ஒரு மரத்தடியில் அவன் ஐந்து நிமிடம் மோந்துகொண்டிருந்தால் விடுங்கள், மூக்குக்கும் மூளைக்கும் வேலை கொடுத்தால்தான் நாய் நிறைவாகக் களைக்கும். வீட்டிலும் சாப்பாட்டில் கொஞ்சத்தை அங்கங்கே ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். அப்புறம், இந்த வயதில் கடிக்கத்தான் செய்வான், செருப்பை எடுத்து வைத்துவிட்டுக் கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்று கொடுங்கள்.

பதில் 3:
வெயிலையும் பாருங்கள். நாய்க்கு உடம்புச் சூடு தணிய மூச்சிரைப்புதான் முக்கிய வழி, நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. புறங்கையைத் தரையில் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் சூடுதான். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் ஆபத்து. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் ஓடவிட வேண்டாம், பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அண்ணனிடமும் காட்டுகிறேன். அதிகமாகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
நடுவழியில் பின்தங்குவான், உட்கார்ந்துவிடுவான். மறுநாள் காலையில் எழும்போது கால் விறைப்பாக இருந்தால் முந்தைய நாள் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள். நொண்டல் ஒரு நாளில் சரியாகவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், மனிதர்களுக்கான பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகும்.