ஓசூர்ல இருந்து வர்ற பிக்கப் – "நம்ம வீடு ஒட்டன்சத்திரம்" குழுவில்

திங்கள்

கதிர்: ஷோரூம்ல இருந்து போன். நான் புக் பண்ணின அசோக் லேலண்ட் படா தோஸ்த் ஐ4 "ரெடி ஆயிருச்சு, ஓசூர்ல லோடிங்ல நிக்குது"ங்கிறாங்க. லோன் போக நம்ம கையில இருந்து கட்டுற மீதி மார்ஜின் பணத்தை இன்னைக்கே கட்டச் சொல்றாங்க. கட்டிரவா சித்தப்பா?

முருகேசன்: கட்டாத. சேசிஸ் நம்பர் கொடுத்தாங்களா?

கதிர்: இல்ல. அலாட் ஆனதும் சொல்றோம்னாங்க.

முருகேசன்: அப்ப உனக்குன்னு வண்டி இன்னும் ஒதுக்கல. லைன்ல இருந்து இறங்கின வண்டிக்கு சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கண்டிப்பா இருக்கும். நம்பர் இல்லாத வண்டி லோடிங்ல நிக்காது.

முருகேசன்: நடைமுறை இதான். டீலர் கம்பெனிக்கு இண்டென்ட், அதாவது ஆர்டர் போடுவாரு. மாடல், கலர், தொட்டி வகை பார்த்து உற்பத்தியில சேர்ப்பாங்க. வண்டி ரெடியானதும் டீலர் கணக்குல பணம் இருந்தாத்தான் கம்பெனி பில் போட்டு வெளிய விடும். அதுக்கப்புறம் கேரியர் லாரி. அது முழுசா நிறைஞ்சாத்தான் கிளம்பும். கிருஷ்ணகிரி, சேலம், கரூர் வழியா ஓட்டம் ஒரு நாள்தான். நாள் கணக்கா இழுக்கிறது பில் போடுற இடத்துலயும் கேரியர் நிறையுற இடத்துலயும்.

சரவணன்: மாப்ள, லோன் பணத்தையும் இப்ப விடுவிக்கச் சொல்லாத. பைனான்ஸ்ல இருந்து டீலருக்குப் பணம் போன தேதியில இருந்து வட்டி ஓடும். வண்டி டீலரோட யார்டுக்கு வந்து, நீ பார்த்து, சேசிஸ் நம்பரோட புரோபார்மா (முன்கூட்டித் தர்ற மாதிரி பில்) கைக்கு வந்தப்புறம் விட்டாப் போதும். சாங்ஷன் லெட்டர்ல கடைசி தேதி இருக்கும், அதை மட்டும் இப்பவே பாரு. தாண்டிப் போச்சுன்னா வட்டி விகிதத்தை மறுபடி போடுவாங்க.

கதிர்: சரி மச்சான். புக்கிங் அன்னைக்குச் சொன்ன விலைதானே வரும்?

சரவணன்: டீலர் உனக்கு பில் போடுற தேதியில இருக்கிற விலைதான். நடுவுல கம்பெனி விலை ஏத்தினா உன் தலையில விழும். ஏறாதுன்னு புக்கிங் பாரத்துல எழுதி வாங்கினியா? இல்லன்னா இன்னைக்கே ஒரு மெயில் போட்டு வை. வரியைப் பொறுத்தவரை லோடு வண்டிக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி 28 இல்ல, 18. பில்லுல அதைப் பாரு. காய் மட்டும் ஏத்துறதுக்கு அந்த 18-ஐத் திரும்ப எடுக்க முடியாது, பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாதுங்கிறதால.

செல்வி: ஆடி முடிஞ்சு ஆவணி முதல் முகூர்த்தத்துல எடுக்கலாம்னு ஜோசியர் குறிச்சுக் கொடுத்துட்டார். அதுக்குள்ள வந்துருமா முருகேசு தம்பி?

முருகேசன்: வந்துரும் மதினி. ஆடியில யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க, அதனால யார்டுல நிறைய வண்டி வெயில்லயும் மழையிலயும் நிக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எல்லாரும் ஒரே நாள்ல கேட்பாங்க. அவசரத்துல எந்த வண்டி கையில கிடைக்குதோ அதைக் கழுவிக் கொடுத்துருவாங்க. அதுக்குத்தான் முன்னாடியே நம்பர் வேணும்ங்கிறேன்.

செவ்வாய்

ராதா: கதிர், இன்சூரன்ஸை ஷோரூம்லயே போடணும்னு கட்டாயம் இல்ல. நம்பர் வந்ததும் எனக்கு அனுப்பு, கொட்டேஷன் எடுத்துத் தர்றேன். மொத்த எடை (வண்டியும் லோடும் சேர்த்து) 7500 கிலோ வரைக்கும் உள்ள வாடகை லோடு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன்ல நிர்ணயிச்சது 16,049 ரூபா. அது எந்தக் கம்பெனியில போட்டாலும் ஒண்ணுதான். வித்தியாசம் வர்றது சொந்த சேதத்துலயும் ஆட்-ஆன்லயும் (கூடுதலாச் சேர்க்கிற கவர்).

ராதா: முக்கியமா ஐஎம்டி 23 (IMT 23)-ங்கிற கூடுதல் பிரிவு இருக்கான்னு பாரு. அது இல்லாத லோடு வண்டி பாலிசியில பம்பர், லைட், மட்கார்டு, டயர், பெயிண்ட் இதுக்கெல்லாம் தனியா கிளெய்ம் வராது, வண்டி மொத்தமாப் போனாத்தான் வரும். மார்க்கெட் சந்துல தினம் அடிபடுறது அதெல்லாம்தான். ஷோரூம் கொட்டேஷன் குறைவாத் தெரிஞ்சா முதல்ல இதை எடுத்துட்டாங்களான்னு பாரு.

கதிர்: எடுத்திருக்காங்க அக்கா. ஐஎம்டி 23 இல்ல. இப்பத்தான் பார்த்தேன்.

ராதா: சேர்க்கச் சொல்லு. பாலிசி ஆரம்பத் தேதி பில் தேதியா இருக்கணும். பேர், எழுத்து, அடமானம் போட்டிருக்கிற பைனான்ஸ் பேர் மூணும் ஆர்சியில வரப்போறதோட ஒத்துப் போகணும். ஒரு எழுத்து மாறினாலும் கிளெய்ம் நேரத்துல அலையணும்.

சரவணன்: பர்மிட்டையும் இப்பவே பேசிரு. மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 66-படி பர்மிட் வேண்டாம். ஐ4-க்கு 3490, அதனால வேணும். கம்பம், குமுளி தாண்டி கேரளா ஓடப் போறேன்னா நேஷனல் பர்மிட்டாவே கேளு, பிறகு மாத்துறது ரெண்டு வேலை. எஃப்சி (தகுதிச் சான்று) புது வண்டிக்கு 2 வருசம். லைசென்ஸ் உன்கிட்ட இருக்கிற எல்எம்வி (இலகு ரக வாகனம்) போதும், 7500 கிலோ வரைக்கும் செல்லும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

கதிர்: தொட்டியில எத்தனை பெட்டி போகும்னு அப்பா கேக்குறார்.

முருகேசன்: 600-க்கு 400 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கிரேட் தானே? தொட்டி உள்ளளவு 2950-க்கு 1750 இருந்தா, 400 பக்கம் நீளத்துல வர்ற மாதிரி ரெண்டு வரிசைக்கு ஏழேழு, 14. மீதி அகலத்துல திருப்பி வச்சா இன்னும் 4. ஒரு அடுக்குக்கு 18. பெட்டியோட 25 கிலோன்னா அடுக்குக்கு 450. நாலு அடுக்கு 1800. ஃபார்ம் 21-ல (டீலர் தர்ற விற்பனைச் சான்று) வெறும் வண்டி எடை இருக்கும், அதை 3490-ல கழி. டிரைவர், கூட வர்றவர், தார்ப்பாய், கயிறு எல்லாம் அந்த மீதிக்குள்ளதான். நாலாவது அடுக்கு முழுசா ஏத்த முடியுமான்னு அதை வச்சு முடிவு பண்ணு. மேல போச்சுன்னா அபராதம் 20,000, ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000.

முருகேசன்: வண்டி வந்ததும் உள்ளளவை டேப் வச்சு நீயே எடு. விளம்பரத் தாள்ல இருக்கிறதை நம்பி கிரேட் வாங்காத. தார்ப்பாய் கொக்கி பக்கத்துக்கு எத்தனைன்னும் எண்ணிப் பாரு, குறைவா இருந்தா பில் போடுறதுக்கு முன்னாடியே சொல்லணும்.

வியாழன்

கதிர்: சேசிஸ் நம்பர் வந்துருச்சு! தனியா அனுப்பியிருக்கேன் சித்தப்பா.

முருகேசன்: பார்த்தேன். 17 எழுத்து இருக்கு. பத்தாவது எழுத்துதான் வருசம். 2025-க்கு எஸ் (S), 2026-க்கு டி (T). இதுல டி, நல்லது. மாசத்தைக் காட்டுற எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், அதைத் தேடாத. ஃபார்ம் 21-ல மாசமும் வருசமும் அச்சாவே இருக்கும்.

கதிர்: நாளைக்கு யார்டுக்கு வருதாம். சனிக்கிழமை பில் போடலாம்ங்கிறாங்க.

முருகேசன்: பில்லுக்கு முன்னாடி பார்க்கணும், பகல் வெளிச்சத்துல, வண்டி கழுவாம இருக்கும்போதே. கழுவி பாலிஷ் போட்டுட்டா கேரியர்ல உரசின கீறல் தெரியாது. பில் போட்டப்புறம் "மாத்திக் கொடு"ன்னா நடக்காது, சரி பண்ணித்தான் கொடுப்பாங்க.

முருகேசன்: முதல்ல பிரேம்ல குத்தியிருக்கிற சேசிஸ் நம்பர். அதை எழுத்து எழுத்தா பிளேட்டோட ஒத்துப் பாரு; ஃபார்ம் 21, ஃபார்ம் 22 (கம்பெனி தர்ற தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தாள் கைக்கு வந்ததும் அதுகளோடயும் ஒத்துப் பாரு. அப்புறம் டயர். பக்கச் சுவர்ல கடைசி நாலு இலக்கம், 2226-ன்னா 2026-ல 22-ஆவது வாரம். ஸ்டெப்னியோட அஞ்சும் பக்கத்துப் பக்கத்து வாரமா இருக்கணும். ஒண்ணு மட்டும் ரொம்ப முன்னாடி இருந்தா மாத்தியிருக்காங்கன்னு கேளு.

முருகேசன்: பேட்டரிக்கு மல்டிமீட்டர். ராத்திரி ஓய்ஞ்சிருந்து காலையில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். 12.2-க்குக் கீழ இருந்தா பாதிதான் சார்ஜ், நாள் கணக்கா சும்மா நின்னிருக்கு. சார்ஜ் ஏத்தித் தரேன்பாங்க, ஒத்துக்காத. இறங்கிக் கிடந்த பேட்டரிக்கு ஆயுசு குறையும், புதுசு கேளு. ஸ்டார்ட் பண்ணினா 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் காட்டணும்.

முருகேசன்: கேரியர்ல பெல்ட் போட்டு இழுத்துக் கட்டுறது ஆக்சில் பக்கம். அங்க பிரேக் பைப், வயர் நசுங்கியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. தொட்டியோட வெல்டிங் மூலைகள்ல துரு ஆரம்பிச்சிருக்கும், அதை அங்கயே பிரைமர் அடிக்கச் சொல்லு. கதவு கீல் போல்ட்டுல பெயிண்ட் விரிசல் விட்டிருந்தா கழட்டி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ஓடோ மீட்டர்ல கேரியர்ல வந்த வண்டிக்கு சில பத்து கிலோமீட்டர்தான் இருக்கணும். 300-க்கு மேல இருந்தா ஓசூர்ல இருந்து ஓட்டியே கொண்டு வந்துட்டாங்க.

ராதா: ரெண்டு சாவி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, சர்வீஸ் புத்தகம். மஞ்சள் ஹெச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு) நம்பர் பிளேட்டும் பாஸ்டேக்கும் மாட்டினப்புறம்தான் வண்டி வெளிய வரணும் சித்தப்பா, சரிதானே?

முருகேசன்: சரி ராதா. பிளேட் இல்லாம "ரெண்டு நாள்ல வந்துரும், ஓட்டிட்டுப் போங்க"ன்னா எடுக்க வேண்டாம்.

செல்வி: கோயிலுக்கு நேரா போயிரலாம்ல?

முருகேசன்: முதல்ல பங்க் மதினி. யார்டுல இருந்து வர்ற வண்டியில டீசல் அடியிலதான் கிடக்கும், காத்து இழுத்துட்டா நடுரோட்டுல நிக்கும். பிறகு கோயில். கதிரு, முதல் 1000 கிலோமீட்டர் பாதி லோடு, ஒரே வேகத்துல இழுத்து ஓட்டாத. முதல் லோடு இறக்கினதும் வீல் நட்டும் பின் பட்டையோட (லீஃப் ஸ்பிரிங்) யு போல்ட்டும் ஒருதடவை டைட் பார்க்கணும். லோடு ஏறினதும் பட்டை அமுங்கி உட்காரும், போல்ட் லூஸ் ஆகும். கவனிக்காம விட்டா சென்டர் போல்ட் வெட்டிக்கிட்டுப் போய் ஆக்சில் நகர்ந்துரும்.

கதிர்: பணம்?

சரவணன்: நாளைக்கு நீங்க பார்த்து ஓகே சொன்னதும் எனக்கு ஒரு போன் அடி. பத்து நிமிசத்துல விடுவிக்கச் சொல்றேன்.

முருகேசன்: காலை 10 மணிக்கு யார்டு வாசல்ல இருப்பேன். மீட்டர் என்கிட்ட இருக்கு, டார்ச்சும் டேப்பும் நீ எடுத்துக்க.