ஹடோக்கன் போடத் தெரியாதவர்களுக்கு இந்தக் களத்தில் இடம் உண்டா?

நாணயப்பெட்டி:

இருவர் மோதும் சண்டை வீடியோ விளையாட்டான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தது 2023 ஜூனில். நான் போன மாதம்தான் வாங்கினேன். களத்தில் இறங்கும் முன்பே, பட்டன் முறை ‘கிளாசிக்’ வேண்டுமா, ‘மாடர்ன்’ வேண்டுமா என்று கேட்கிறது. கிளாசிக்கில் கீழே, கீழ்ச்சாய்வு, முன்னே என்று கைப்பிடியை உருட்டிக் குத்துப் பட்டனை அழுத்தினால்தான் ஹடோக்கன், அதாவது கையிலிருந்து பாயும் ஒளியுருண்டை, வரும். மாடர்னில் அது ஒரே பட்டனில் வந்துவிடுகிறது. பாய்ந்து வருகிறவனை அந்தரத்திலேயே குத்தி வீழ்த்தும் ஷோர்யூக்கனுக்கும் ஒரு திசை, ஒரு பட்டன், அவ்வளவுதான். பெரிய போட்டிகளிலும் இதை அனுமதிக்கிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

1990-களின் கடைசியில் மதுரையில் நாங்கள் விளையாடிய கடையில் காசு போட்டு ஆடும் பெட்டிகள் நான்கே. ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். ஒன்றில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97. அதில் இயோரி என்ற பாத்திரத்தின் பெரிய அடி விழ வேண்டுமானால் கீழிருந்து முன்னே கால் வட்டம், அங்கிருந்து கீழ் வழியாகப் பின்னே அரை வட்டம், கையோடு ஒரு குத்து. மூன்று வாரம் முயன்றேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது, அடி வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த மூன்று வாரத்தைக் கழித்துவிட்டால் அந்த மாலையில் என்ன மிஞ்சும்?

கை பழகுவதுதான் இந்த விளையாட்டு என்பது என் கட்சி. படியைத் தரைமட்டமாக்கிக் கூட்டம் சேர்த்துவிட்டு, சண்டை விளையாட்டு மறுபடி எழுந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி:

அண்ணா, நானும் மாடர்ன்தான். அது சும்மா கிடைத்துவிடவில்லை. குறுக்குவழியில் போடும் சிறப்பு அடிக்கு வலு 80 விழுக்காடுதான். கிளாசிக்கில் இருக்கும் சில சாதாரணக் குத்துகளும் உதைகளும் எங்களுக்குக் கிடையாது.

கணக்கை விடுங்கள். கை பழகுவதே விளையாட்டு என்கிறீர்கள். எனக்கு அது வாசல்தான். உள்ளே இருப்பது வேறு.

நான் கீழே விழுந்து எழுந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி பக்கத்தில் வந்து நிற்கிறார். தடுத்துக்கொண்டு நின்றால் பிடித்து எறிவார். எறிவதை முறிக்கப் போனால், ஒரு கணம் பொறுத்து அடிப்பார். எழும்போதே ஷோர்யூக்கன் போடலாம். ஆனால் அவர் பேசாமல் தடுத்துக்கொண்டு நின்றிருந்தால் நான் அந்தரத்தில் தொங்குவேன். இறங்கும்போது வாங்கும் அடியில் பாதி ஆட்டம் போய்விடும். இந்த விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. மிக வேகமான குத்து 4 ஃபிரேமில் விழும். அதாவது ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. கண் பார்த்துக் கை அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே அங்கே யாரும் அடியைப் பார்த்துத் தடுப்பதில்லை, ஆளைப் படித்துத்தான் தடுக்கிறார்கள். மூடிய கைக்குள் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு ஒற்றையா இரட்டையா என்று கேட்கிற விளையாட்டுதான் அது. போன முறை எறிந்தாரே, இந்த முறையும் எறிவாரா? நான் அப்படி நினைப்பேன் என்று அவர் நினைத்திருப்பாரா? முகம் தெரியாத ஒருவரின் பயமும் அவசரமும் இரண்டே நிமிடத்தில் பிடிபட்டுவிடுகின்றன. அந்த இடத்துக்கு நான் மூன்று நாளில் போய்ச் சேர்ந்தேன். மூன்று வாரம் ஆகியிருந்தால் பாதியில் விட்டிருப்பேன்.

நாணயப்பெட்டி:

தம்பி, எழுந்திருக்கும் கணத்தை அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தக் கணத்தில் கைக்கும் வேலை இருக்கிறது. ஷோர்யூக்கனுக்கு முன்னே, கீழே, கீழ்ச்சாய்வு. அவசரத்தில் பிசகினால் ஹடோக்கன் வந்துவிடும், பாய்ந்தவன் தலைமேல் இறங்குவான். அந்தப் பிசகையும் கணக்கில் வைத்துத்தான் ஒருவன் பாய்கிறான். உங்கள் பட்டன் பிசகுவதே இல்லை. பாய்கிறவனின் துணிச்சலுக்கு அங்கே என்ன மதிப்பு?

2004-இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டம். ஜஸ்டின் வாங் எடுத்த பாத்திரம் சுன்-லீ, டைகோ உமெஹாரா எடுத்தது கென். டைகோவின் உயிர்க்கோட்டில் ஒரு துளிதான் மிச்சம். சூப்பர் என்கிற பெரிய அடியைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும், அதுவே அவரை முடித்துவிடும். சுன்-லீயின் 15 உதைகள் வருகின்றன. ஒவ்வோர் உதையும் படும் கணத்தில் கைப்பிடியை முன்னே தட்டினால் சேதமில்லை. பதினைந்தையும் தட்டினார், கடைசி உதையை அந்தரத்தில் எழும்பித் தட்டினார், இறங்கி வந்து ஆட்டத்தை முடித்தார். அந்த ஆண்டு தேர்ட் ஸ்ட்ரைக் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை, வேறொருவர் வென்றார். ஆனாலும் இருபது ஆண்டு கழித்து உலகம் பார்ப்பது அந்த 15 தட்டலைத்தான். அது கை.

நிரலாளன்:

இருவரும் பட்டனையே சுற்றி வருகிறீர்கள். நான் கைபேசி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறவன். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது.

1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது ஆர்கேட் என்கிற, காசு போட்டு ஆடும் கடைத் தொழிலே தலை நிமிர்ந்தது. அடுத்த ஆண்டு சூப்பர் நின்டெண்டோ என்ற வீட்டுக் கருவிக்கு வந்த பதிப்பு 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. அது எளிய விளையாட்டா? ஒரு கைப்பிடி, ஆறு பட்டன், செய்முறை சொல்லித்தர ஆளில்லை. கடினம் அன்று யாரையும் விரட்டவில்லை. நீங்கள் கொண்டாடும் காம்போவே, அதாவது தொடர்ந்து ஒட்டி விழும் அடிகளே, திட்டமிட்டு வைத்ததல்ல. காரை உடைக்கும் கூடுதல் சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அடியோடு இன்னோர் அடி ஒட்டிக்கொள்வதைத் தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனாமிஸு கவனித்தார். அப்படியே விட்டுவைத்தார்கள்.

பிறகு சண்டை விளையாட்டின் கூட்டம் ஏன் சுருங்கியது? தோற்றால் பழிபோட ஆளில்லை. ஐவர் அணியாக ஆடும் விளையாட்டில் தோற்றால் மற்ற நால்வரைத் திட்டலாம். நூறு பேர் ஒரு தீவில் குதிக்கும் விளையாட்டில் 99 பேர் தோற்கிறார்கள், ஆகவே யாருக்கும் வலிப்பதில்லை. சண்டை விளையாட்டில் எதிரே ஒருவர், இந்தப் பக்கம் நீங்கள், நடுவில் ஒன்றுமில்லை. கடையில் அந்தக் கொடுமைக்கு ஒரு காரணம் இருந்தது: தோற்றவன் நகர்ந்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்த பிறகு அதை ஏன் ஒருவர் சகித்துக்கொள்ள வேண்டும்?

இன்னொன்றையும் பாருங்கள். 2019-இல் வந்த மார்ட்டல் காம்பாட் 11 என்ற சண்டை விளையாட்டு ஒன்றரைக் கோடிப் பிரதிகளைத் தாண்டியது. வாங்கியவர்கள் எல்லாம் மழைக்குருவி சொல்வதுபோல் ஆளைப் படிக்க வாங்கினார்களா? என்னுடன் வேலை செய்யும் நால்வர் வைத்திருக்கிறார்கள். நால்வரும் கதையை ஆடி முடித்து, கொடூரமான கடைசி அடிகளைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். 1992-இல் அதன் முதல் பாகம் வந்தபோதும் பேச்செல்லாம் இரத்தத்தைப் பற்றித்தான். 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை வைத்தார்கள், அடுத்த ஆண்டு வயது வரம்பு முத்திரை வந்தது. பெருங்கூட்டம் அன்றும் இன்றும் காட்சிக்காக வருகிறது. சண்டைக்காகத் தங்குகிறவர்கள் சிலர்தான், அந்த எண்ணிக்கை பெருகாது.

கட்டைவிரல்:

நான் துபாயிலிருந்து எழுதுகிறேன், டெக்கன் என்ற சண்டை விளையாட்டை ஆடுகிறவன். நிரலாளன் சொன்ன ‘வலி’ உண்மை. ஆனால் அந்த வலியைத் தனியாக அனுபவிக்க வேண்டிய நிலை பிறகு வந்தது.

லாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பட்டியலில் பாகிஸ்தான் என்ற பெயரே இல்லாத நாளில் அங்கே ஆர்கேட் கடைகளில் பையன்கள் டெக்கன் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2019 பிப்ரவரியில் அர்ஸ்லான் ஆஷ் ஃபுகுவோகாவுக்குப் போய் ஈவோ ஜப்பான் பட்டத்தை வென்றார். விசாச் சிக்கலில் விமானம் மாறி மாறி, அலைந்து போய்ச் சேர்ந்தவர். வென்ற பிறகு, என்னைவிடப் பலமானவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்கிற பொருளில் பேசினார். ஆகஸ்டில் லாஸ் வேகஸில், கொரியாவின் பெரும் ஆட்டக்காரர் நீ என்பவரை இறுதியாட்டத்தில் வீழ்த்தி அங்கே நடந்த ஈவோ பட்டத்தையும் எடுத்தார். அவர் சொன்னது வெறும் அடக்கமல்ல. 2023-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் உலகத் தொடர் இறுதியை வென்ற ஆதிஃப் பட்டும் பாகிஸ்தான்காரர்தான்.

இங்கே என் அறையில் லாகூர் நண்பர் ஒருவர் ஒன்றரை ஆண்டு இருந்தார். அவரிடம் நான் தோற்காத நாளில்லை. ஆனால் தோற்ற உடனே கையைத் தட்டிவிட்டு, “இடது கால் உதைக்குப் பிறகு உன் முறை என்று நினைக்கிறாய், அது என் முறை” என்பார். மறுபடி போடச் சொல்வார். நான்காவது முறை நான் சும்மா இருந்தேன், அவர் அடித்தார், தடுத்தேன், திருப்பி அடித்தேன், விழுந்தார். சொல்லிக்கொடுத்ததே அவர்தான், துள்ளிக் குதித்ததும் அவர்தான். தோல்விக்கு ஒரு துணை இருந்தது. ஆன்லைனில் தோற்றால் எதிராளி போய்விடுகிறார், திரையில் ஒரு எண் குறைகிறது.

நியூயார்க்கின் சைனாடவுன் ஃபேர் 2011-இல் மூடப்பட்டது, ஜஸ்டின் வாங் வளர்ந்த கடை அது. மறு ஆண்டு திறந்தபோது பழைய கடையாக இல்லை. டோக்கியோவின் அகிஹபாராவில் சேகா நிறுவனத்தின் பெரிய ஆர்கேட் ஒன்று 2020 ஆகஸ்டில் போயிற்று. சுருங்கியது விளையாட்டல்ல, அதைச் சுற்றி நின்ற ஆட்கள்.

நிரலாளன்:

லாகூர் வாதம் என்னை யோசிக்க வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் இடம் போனால் கருவி வர வேண்டுமே? 2006-லேயே டோனி கேனன் ஜிஜிபிஓ என்ற ரோல்பேக் முறையை எழுதிவிட்டார். எதிராளியின் பட்டன் இணையம் வழியே வந்து சேரும்வரை ஆட்டத்தை நிறுத்தாமல், அவர் செய்யப்போவதை ஊகித்து ஓட்டிவிட்டு, ஊகம் தவறினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்தும் முறை. ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளப் பதினைந்து ஆண்டு ஆனது, பெருந்தொற்றில் போட்டிகள் நின்ற பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். அந்தப் பதினைந்து ஆண்டு இழப்பு மன்னிக்க முடியாதது. இதில் கட்டைவிரல் பக்கம் நான்.

கூட்டத்தைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை. ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் மூன்று கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. எட்டுப் பேர் வரை ஒன்றாக ஆடலாம், உருட்ட வேண்டிய கைப்பிடி வித்தைகள் பெரும்பாலும் இல்லை. மாடர்ன் வந்த பின் 2023 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பதிந்தார்கள். படியை இறக்கினால் ஆள் வருகிறார்கள், நாணயப்பெட்டி.

மழைக்குருவி:

முதலில் ஒன்று: நான் தம்பி அல்ல அண்ணா, தங்கை.

டைகோவின் 15 தட்டலை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் தட்டலை மட்டும் கவனியுங்கள். சூப்பர் கிளம்புவதைப் பார்த்த பிறகு தட்டினால் நேரம் போதாது. வரப்போகிறது என்று முன்பே தெரிந்து தட்டினார். எதிரே இருப்பவரின் பொறுமை எப்போது தீரும் என்று படித்துவிட்டார். மீதி பதினான்கு கை, முதலாவது அதுவல்ல.

கட்டைவிரல் கடையைப் பற்றி எழுதியதைப் படித்து எனக்குக் கண் கலங்கியது, ஆனால் வேறு காரணத்தால். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை இருந்தது. என் அண்ணன் உள்ளே போவான். நான் அவன் பையையும் என் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்புறத் தையல்கடை வாசலில் நிற்பேன். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை, போகலாமா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. உங்கள் மூன்று வாரத்தை மதிக்கிறேன் அண்ணா. எனக்கு அந்த மூன்று வாரத்தைத் தொடங்கவே வழியில்லை. இன்று இரவு பத்து மணிக்கு என் அறையில் உட்கார்ந்து பிரேசிலிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வரும் ஒருவருடன் மோதுகிறேன். எனக்குக் கிடைத்த முதல் கடை இதுதான்.

நாணயப்பெட்டி:

தம்பி என்று எழுதியதற்கு மன்னியுங்கள், தங்கச்சி. இதைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் பதில் எழுதவில்லை. நான்கு ஆண்டு அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். ஒரு பெண் பெட்டி முன் நின்றதாக நினைவில் இல்லை. அது இல்லாதது என் கண்ணில் படவும் இல்லை.

ஆனால் ஒற்றைப் பட்டன் ஷோர்யூக்கனை இன்னும் ஏற்கவில்லை. இதைப் பேசித் தீர்க்க முடியாது. ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு, ஒருவர் பத்து வெற்றி பெறும்வரை ஆடுவோம். இருவருக்கும் ரியூ என்ற ஒரே பாத்திரம். நான் கிளாசிக், நீங்கள் மாடர்ன்.

மழைக்குருவி:

வருகிறேன். ஒரே நிபந்தனை: ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஏன் தோற்றேன் என்று சொல்ல வேண்டும்.

நாணயப்பெட்டி:

முடிந்தது. 10–6, வென்றது நான். அவர் வென்ற ஆறில் நான்கு, நான் பாய்ந்தபோது ஒற்றைப் பட்டன் ஷோர்யூக்கனில் விழுந்து தோற்றவை. நான் சொன்னது இதைத்தான்.

மழைக்குருவி:

அண்ணா, அந்த நான்கு பாய்ச்சலையும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். நான்கும் ஒரே தூரத்திலிருந்து, உங்கள் இரண்டாவது ஹடோக்கனை நான் தடுத்த உடனே. மூன்றாவது முறையிலிருந்து நான் உங்களைப் பார்க்கவே இல்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.