மேரி ஸ்டூவர்ட் – எலிசபெத் நாடகம்: வாரிசு உரிமை, பீப்பாய்க் கடிதம், மகன் ஜேம்ஸ் பற்றி விவரம் வேண்டும்

தேவகோட்டை நாடகக்குழு:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு 40 நிமிட நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட், இங்கிலாந்து ராணி எலிசபெத், நடுவில் எலிசபெத்தைக் கொன்று மேரியை ராணியாக்க ஆண்டனி பேபிங்டன் போட்ட 1586ஆம் வருஷத்துச் சதி. நடந்தது என்ன என்பது தெரியும், ஏன் நடந்தது என்பதுதான் பிடிபடவில்லை.

மேரி ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கு இங்கிலாந்து அரியணையில் என்ன பாத்தியதை? ஒத்திகை பார்க்க வரும் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பீர் பீப்பாயில் கடிதம் போனதாகச் சொல்கிறார்கள். அதை மேடையில் காட்ட வேண்டும், உண்மையில் எப்படி நடந்தது? இரண்டு ராணிகளும் நேருக்கு நேர் பேசும் காட்சி ஒன்று எழுதி வைத்திருக்கிறோம், இருக்கலாமா? கடைசியாக, பெற்ற தாயின் தலை போகிறது, மகன் ஜேம்ஸ் ஏன் படை எடுக்கவில்லை? அந்த வேஷம் போடும் பையன் இதற்கு விடை தெரியாமல் வசனம் பேச மாட்டேன் என்கிறான்.

பள்ளத்தூர் வாசகர்:

பெரியவர்கள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்து நகரத்தார் கணக்கில் பெண் கட்டிக்கொண்டு போனால் புருஷன் வீட்டுக் குலக் கோயிலுக்குப் போய்விடுகிறாள். மகள் வயிற்றுப் பேரன் பங்காளி ஆக மாட்டான். பிள்ளை கூட்டினாலும், அதாவது தத்து எடுத்தாலும், அதே கோயில் பிள்ளையைத்தான் கூட்டுவார்கள். இங்கிலாந்துக் கிரீடம் அப்படி இல்லை. மகன் இல்லாவிட்டால் மகளுக்கு, அவள் வழிப் பிள்ளைகளுக்கு இறங்கும். சித்தப்பா பெரியப்பா எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எலிசபெத்தின் தாத்தா, இங்கிலாந்து ராஜா ஏழாம் ஹென்றியின் மூத்த மகள் மார்கரெட்டை 1503ல் ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் மகன் ஐந்தாம் ஜேம்ஸ். அவர் மகள்தான் மேரி. 1542 டிசம்பர் 8ல் பிறந்தார், 14ஆம் தேதி தகப்பன் இறந்தார், ஆறு நாள் குழந்தை ராணி ஆகிவிட்டது. எலிசபெத்துக்கு மார்கரெட் சொந்த அத்தை. அதனால் எலிசபெத்துக்குக் குழந்தை இல்லையென்றால் ரத்த வரிசையில் அடுத்து நிற்பது மேரி.

இதோடு நின்றிருந்தால் மேரி வெறும் அடுத்த வாரிசு. மேரியின் மதத்தவரான கத்தோலிக்கர்கள் ஒரு படி மேலே போனார்கள். எலிசபெத்தின் தகப்பன் எட்டாம் ஹென்றி, அவர் தாய் ஆன் போலினைக் கட்டியதே செல்லாது, ஆகவே எலிசபெத் முறைப்படி பிறந்தவர் அல்ல, இப்போதே ராணி மேரிதான் என்றார்கள். அதற்கு இடம் கொடுத்தது ஹென்றியே. 1536ல் எலிசபெத்தை முறையற்ற பிறப்பு என்று சட்டம் போட்டார். பிறகு வந்த வாரிசுச் சட்டம் அவரை வரிசையில் திரும்பச் சேர்த்ததே தவிர, அந்தப் பட்டத்தை நீக்கவில்லை. 1558ல் பிரெஞ்சு ராஜா தன் மருமகள் மேரியின் கேடயத்தில் இங்கிலாந்துச் சின்னத்தையும் சேர்த்து வரையச் சொன்னார். எலிசபெத் அதை மறக்கவே இல்லை.

மேரிக்கு எதிராகவும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஹென்றியின் உயில், 1546 டிசம்பர் கடைசியில் எழுதியது, மார்கரெட் வம்சத்தைத் தாண்டி இளைய தங்கை வம்சத்துக்குப் போகிறது. இன்னொன்று, வெளிநாட்டில் பிறந்தவர் இங்கிலாந்தில் சொத்துக்கு வாரிசாக முடியாது என்ற பழைய விதி. இதை வைத்துப் பார்த்தால் 1565ல் மேரி டார்ன்லியைக் கட்டியது புரியும். டார்ன்லியும் மார்கரெட்டின் பேரன், இரண்டாம் கல்யாணத்து மகள் வழியில். ஆனால் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டு பாத்தியதையும் ஒரே வீட்டில் சேர்ந்தன. அவர்களுக்கு 1566 ஜூன் 19ல் பிறந்தவன்தான் உங்கள் ஜேம்ஸ்.

கோட்டையூர் ஏடு:

பீப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். மேரி அப்போது ஸ்டாஃபர்ட்ஷயரில் சார்ட்லி மாளிகையில் காவலில் இருந்தார். காவல் அதிகாரி சர் எமியாஸ் பாலெட். ஒரு துண்டுக் காகிதம்கூட அவர் கண்ணைத் தாண்டிப் போகாது. அந்த நிலையில் திடீரென்று ஒரு ரகசிய வழி திறந்தால் மேரி அதை விடுவாரா? திறந்துவிட்டதே எலிசபெத்தின் செயலர் வால்சிங்ஹாம்தான்.

மேரிக்குப் போகும் கடிதம் இப்படிப் போனது. லண்டனில் பிரெஞ்சுத் தூதர் கடிதத்தைக் கில்பர்ட் கிஃபர்ட் கையில் கொடுப்பார். கிஃபர்ட் கத்தோலிக்கர், மேரியின் ஆட்கள் நம்பியவர், வால்சிங்ஹாமிடம் சேதி சொல்பவரும் அவரே. கடிதம் முதலில் வால்சிங்ஹாம் வீட்டுக்குப் போகும். ஆர்தர் கிரிகரி அரக்கு முத்திரை சேதமாகாமல் பிரிப்பார். தாமஸ் ஃபெலிப்ஸ் நகல் எடுத்து சங்கேதத்தை உடைப்பார். முத்திரையைப் பழையபடி வைத்து அனுப்புவார்கள். பிறகு பர்ட்டனிலிருந்து மாளிகைக்கு பீர் கொண்டுவரும் வடிப்பவர், நீர் புகாத சிறு பொட்டலமாக அதைப் பீப்பாயின் தக்கை வழியே உள்ளே வைப்பார். மேரியின் ஆள் எடுத்து, மேரியின் செயலர் நோ என்பவரிடம் கொடுப்பார். பதில் காலிப் பீப்பாயில் இதே வழியில் திரும்பும். அந்த வடிப்பவருக்கு மேரியும் பணம் கொடுத்தார், பாலெட்டும் கொடுத்தார். அது போதாதென்று பீர் விலையை வேறு ஏற்றிக் கேட்டார் என்று பாலெட் கடிதத்திலேயே புலம்பியிருக்கிறார். அதை ஒரு வசனமாக வையுங்கள், வேலைக்காரர் பாத்திரம் உயிர் பெறும்.

மேடையில் காகிதத்தை நேரே பீப்பாய்க்குள் போடுகிற மாதிரி காட்டாதீர்கள், பீரில் ஊறிவிடும் என்று முன்வரிசைப் பிள்ளையே சொல்லும். தக்கையைப் பிடுங்கி, கையடக்கமான தோல் பொட்டலத்தை நூலோடு இழுத்தால் போதும்.

சங்கேதம் பெரிய வலுவானது அல்ல. 23 எழுத்துகளுக்கு ஆளுக்கொரு குறி, அடிக்கடி வரும் சொற்களுக்கு முப்பதுக்கு மேல் தனிக் குறிகள், ஏமாற்ற 4 வெற்றுக் குறிகள், எழுத்து இரட்டிக்க ஒன்று. ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே குறி என்பதுதான் ஓட்டை. எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணினாலே பிடித்துவிடலாம். 1578 முதல் 1584 வரை மேரி எழுதிய வேறு கடிதங்களில், அதிகம் வரும் எழுத்துக்குப் பல குறிகள் இருந்தன. பாரிஸ் தேசிய நூலகத்தில் கிடந்த அந்த 57 கடிதங்களை 2023ல்தான் படித்து வெளியிட்டார்கள்.

பேபிங்டன் 1586 ஜூலை தொடக்கத்தில் மேரிக்கு எழுதியதில் எல்லாம் இருந்தது: வெளிநாட்டுப் படை இறங்குவது, மேரியை மீட்பது, எலிசபெத்தை முடிக்க ஆறு கனவான்கள். ஜூலை 17ல் மேரி பதில் எழுதினார். அவர் பிரெஞ்சில் சொல்ல நோ எழுத, இன்னொரு செயலர் கர்ல் ஆங்கிலமாக்கிச் சங்கேதத்தில் போட்டார். ஃபெலிப்ஸ் உடைத்துப் படித்துவிட்டு, வால்சிங்ஹாமுக்குப் போன நகலின் உறை மேல் ஒரு தூக்குமரம் வரைந்து அனுப்பினார். அந்த ஆறு பேர் யார் என்று கேட்டு ஒரு பின்குறிப்பையும் மேரி எழுதியதுபோல் சேர்த்தார்கள். வலை விரித்தவர்கள் கெடுத்துக்கொள்ளப் பார்த்த இடம் இதுதான். பேபிங்டன் அந்தப் பெயர்களைச் சொல்லிப் பதில் எழுதவில்லை, கொஞ்ச நாளில் ஓடி ஒளிந்தார். விசாரணையில் அந்தப் பின்குறிப்பை அரசுத் தரப்பு வெளியே எடுக்கவே இல்லை.

புதுவயல் சட்டம்:

ஏடு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இது இல்லாமல் நாடகம் நிற்காது. வால்சிங்ஹாமுக்குத் தேவைப்பட்டது சதி அல்ல, மேரி சம்மதித்ததற்கு எழுத்து. எலிசபெத்துக்கு எதிராக முன்பு நடந்த 1571 ரிடால்ஃபி சதி, 1583 த்ராக்மார்ட்டன் சதி, இரண்டிலும் மேரி பெயர் அடிபட்டது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் மாறியது சட்டம்.

1584 அக்டோபரில் பிரபுக்களும் ஊர்ப் பெரியவர்களும் ஆயிரக்கணக்கில் ஒரு சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாருடைய பாத்தியதைக்காக எலிசபெத் மேல் கை வைக்கிறார்களோ, அந்த ஆளையும் விடமாட்டோம் என்பது அதன் சாரம். அந்த ஆளுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே இல்லை, வாரிசுகளும் சேர்த்துத்தான். 1585ல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியபோது திருத்தியது. குறைந்தது 24 பேர் கொண்ட ஆணையம் விசாரிக்க வேண்டும், உயிரை எடுக்க வேண்டுமானால் அந்த ஆளுக்குத் தெரிந்து நடந்திருக்க வேண்டும். ஆகவே ‘தெரிந்தது’ என்பதற்குக் காகிதம் வேண்டும். பீப்பாய் வந்தது அதற்காக.

1586 அக்டோபர் 14, 15ல் ஃபாதரிங்கே கோட்டையில் விசாரணை. மேரிக்கு வக்கீல் கிடையாது. அசல் கடிதத்தைக் காட்டுங்கள் என்றார், காட்டியது நகலும் நோ, கர்ல் வாக்குமூலமும்தான். ‘நான் இன்னொரு நாட்டு ராணி, உங்கள் பிரஜை அல்ல, என்னை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் ஏது’ என்ற அவர் வாதத்துக்கு நேரான பதில் கடைசிவரை வரவில்லை.

ராணிகள் சந்திக்கும் காட்சியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மேரி 1568 மே மாதம் எல்லை தாண்டி வந்து கிட்டத்தட்ட 19 வருஷம் இங்கிலாந்தில் இருந்தார், ஒரு தடவைகூட இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் இதைப் போடுங்கள்: 1587 பிப்ரவரி 1, எலிசபெத் மரண ஆணையில் கையெழுத்துப் போடுகிறார். அன்றே பாலெட்டுக்குக் கடிதம் போகச் செய்கிறார், சத்தியப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள், சந்தடியில்லாமல் காரியத்தை முடிக்கக் கூடாதா என்று. மேரியை வெறுத்த பாலெட், சட்டமில்லாமல் ரத்தம் சிந்த என் மனச்சாட்சி இடம் தராது என்று மறுநாளே மறுத்து எழுதினார். இதற்குள் ஆலோசனைக் குழு ராணியிடம் திரும்பக் கேட்காமல் ஆணையை அனுப்பிவிட்டது. பிப்ரவரி 8ல் முடிந்தது. பழி செயலர் டேவிசன் தலையில், 10,000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) அபராதம், லண்டன் டவர் கோட்டையில் சிறை. கடைசிக் காட்சியில் மேரி கறுப்பு மேலாடையைக் களைந்ததும் உள்ளே கருஞ்சிவப்பு உடை தெரிய வேண்டும். அது தியாகிகளின் நிறம், அவரே யோசித்து உடுத்தியது.

கீழச்சிவல்பட்டி:

ஜேம்ஸ் வேஷம் போடும் தம்பிக்கு. ஜேம்ஸ் தாயைக் கடைசியாகப் பார்த்தது பத்து மாதக் குழந்தையாக, 1567 ஏப்ரலில். அதே வருஷம் ஜூலையில் தாயைக் கட்டாயப்படுத்திப் பதவி விலக வைத்து இவனுக்கு முடி சூட்டினார்கள். வளர்த்தவர்கள் தாயின் எதிரிகள். தாயைப் பொறுத்தவரை மகன் தன் கிரீடத்தை வைத்திருப்பவன். இருவரும் சேர்ந்து ஆள்வது என்று மேரி ஒரு யோசனை அனுப்பினார், 1585ல் ஜேம்ஸ் அதைக் கைவிட்டார். கொதித்துப்போன மேரி, தன் பாத்தியதையை ஸ்பெயின் ராஜாவுக்கு எழுதிவைப்பேன் என்றார்.

1586 ஜூலையில், பேபிங்டன் கடிதம் போன அதே நாட்களில், ஜேம்ஸ் எலிசபெத்தோடு பெரிக் ஒப்பந்தம் செய்தார். வருஷம் 4,000 பவுண்டு உதவித்தொகை. அதைவிடப் பெரியது, புதுவயல் அண்ணன் சொன்ன 1585 சட்டம். முதல் பத்திரப்படி தாய் சிக்கினால் மகன் பாத்தியதையும் போகும். சட்டத்தில் வந்த திருத்தம் அவரைக் காப்பாற்றியது, அவர் உடந்தையாக இல்லாதவரை. தாய்க்காகப் படை எடுத்தால் அவரே அந்தக் கோட்டைத் தாண்டியவர் ஆவார். தூதர்களை அனுப்பினார், கடுமையாகக் கடிதம் எழுதினார், அதற்கு மேல் போகவில்லை. அரியணையைவிடத் தாயைப் பெரிதாக நினைத்தால் தான் எவ்வளவு புத்தி கெட்டவன் என்று லெஸ்டர் பிரபுவுக்கு அவரே எழுதியிருக்கிறார். பையன் இதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும், வில்லனாக நடிக்க வேண்டாம்.

1601 முதல் எலிசபெத்தின் செயலர் ராபர்ட் செசில் ஜேம்ஸோடு ரகசியமாக எழுதிக்கொண்டார், பெயருக்குப் பதில் எண்கள்: எலிசபெத் 24, ஜேம்ஸ் 30, செசில் 10. 1603 மார்ச் 24ல் எலிசபெத் இறந்த அன்றே ஜேம்ஸ்தான் ராஜா என்று அறிவிப்பு வந்துவிட்டது, ஒரு வாள் உருவப்படவில்லை. 1612ல் தாயின் உடலைப் பீட்டர்பரோவிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுவந்து வைத்தார்.

தேவகோட்டை நாடகக்குழு:

நன்றி அண்ணன்மாரே. சந்திப்புக் காட்சியை எடுத்துவிட்டோம், பாலெட் கடிதம் வருகிறது. ஒரு சந்தேகம்: மரண தண்டனை தேதி ஒரு புத்தகத்தில் பிப்ரவரி 8, இன்னொன்றில் 18. வருஷமும் ஓரிடத்தில் 1586 என்று இருக்கிறது. வேஷத்துக்கு வயதும் வேண்டும்.

பள்ளத்தூர் வாசகர்:

ஐரோப்பாவில் பல நாடுகள் 1582லிருந்து புது நாட்காட்டிக்கு மாறிவிட்டன, பத்து நாள் முன்னே ஓடும். இங்கிலாந்து மாறவில்லை. அங்கே வருஷப் பிறப்பும் மார்ச் 25தான், அதனால் அந்தக் காலத்து ஆவணத்தில் பிப்ரவரி 1586ஐச் சேர்ந்தது. நீங்கள் 1587 பிப்ரவரி 8 என்றே வையுங்கள். அன்றைக்கு எலிசபெத்துக்கு 53 வயது, மேரிக்கு 44, ஜேம்ஸுக்கு 20. பேபிங்டன் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே 24 வயதில் தண்டிக்கப்பட்டுவிட்டார், கடைசிக் காட்சிக் கூட்டத்தில் அந்தப் பையனை நிறுத்த வேண்டாம்.